எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கிழவர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாவல் முடிந்துவிட்டது என்ற வரியைப் படித்த அன்றைக்கே பதில் போட்டிருப்பேன், கண்ணில் சின்ன சிகிச்சை, திரையைப் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பரவாயில்லை.

பதிப்பகத்துக்குக் கொடுப்பதா, நீயே இணையத்தில் ஏற்றிவிடுவதா என்று கேட்டிருக்கிறாய். 2007 நவம்பரில் மின்புத்தகம் படிக்கிற கிண்டில் கருவி வந்து, கூடவே யார் வேண்டுமானாலும் தன் புத்தகத்தை ஏற்றிக்கொள்ளலாம் என்று அமேசான் வழிவிட்டபோது, இனிமேல் எந்தப் பதிப்பாளர் வாசலிலும் கால்கடுக்க நிற்க வேண்டாம் என்று குதித்தவன் நீதான். நானும் குதித்தேன். ஒரு பிரதி கேட்டால் ஒரு பிரதி மட்டும் அச்சடித்துத் தருகிற வசதி வந்ததில், விற்காத கட்டுகளைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்கிற கொடுமையும் போயிற்று. ஆனால் 2023இல், இயந்திரம் எழுதும் புத்தகங்களைப் பற்றிய கவலை கிளம்பிய நேரத்தில், ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புதுப் புத்தகங்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதே அமேசான் வரம்பு வைத்தது. நாளைக்கு மூன்றாம்! நீ ஒன்றை எழுத ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டாய்.

மதிப்புரைதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 2004இல் அமேசானின் கனடா தளத்தில் ஏதோ கோளாறு, பெயரை மறைத்து மதிப்புரை எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் வெளியே தெரிந்துவிட்டன. தன் புத்தகத்துக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்ட எழுத்தாளர்களும் மாட்டிக்கொண்டார்கள். (என் முதல் தொகுப்பைப் புகழ்ந்து பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதத்தை எழுதியது யார் என்று உனக்கு மட்டும்தான் தெரியும், வாயைத் திறக்காதே.) பத்திரிகைகளில் வந்த பழைய மதிப்புரைகள் எல்லாம் யோக்கியம் என்று சொல்லவில்லை, நண்பர்களுக்கு நண்பர்கள் எழுதியதுதான் பாதி. இருந்தாலும் அந்த மீதிப் பாதியில், கூலி வாங்கிக்கொண்டு, பிடிக்காத புத்தகத்தையும் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரு ஆள் இருந்தார். இப்போது பார்சல் நசுங்கி வந்ததற்கும் நாவலுக்குத்தான் ஒற்றை நட்சத்திரம் விழுகிறது.

அந்தக் கூலி எங்கிருந்து வந்தது? வீடு வாடகைக்கு, ஆட்கள் தேவை என்று வந்த வரி விளம்பரங்களும் சேர்ந்துதான் அதற்குக் காசு கொடுத்தன. அவை கிரெய்க்ஸ்லிஸ்ட் மாதிரி இணைய விளம்பரத் தளங்களுக்கு இலவசமாகப் போய்ச் சேர்ந்தபோது, புத்தகப் பக்கத்துக்கும் ஆபத்து என்று யார் நினைத்தது? 2009இல் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தன் தனிப் புத்தக இணைப்பை அச்சில் நிறுத்தியது. அதே மாதம் டென்வர் நகரத்து நாளிதழான ராக்கி மவுண்டன் நியூஸ், 150 வயது நிறைய இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், மூடியே போனது.

செய்தி எழுதுவதும் மாறிவிட்டது. நாம் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெயர் தப்பாக அச்சானால் மறுநாள் 'திருத்தம்' போட வேண்டும், அந்த அவமானத்துக்குப் பயந்தே இரண்டு தடவை சரிபார்ப்போம். போன மாதம் ஓர் இணைய இதழில் வந்த என் கட்டுரையின் தலைப்பு சாயங்காலத்துக்குள் மூன்று முறை மாறியது, எதை அதிகம் பேர் சொடுக்குகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். மூன்றாவது தலைப்பில் இருந்தது நான் கட்டுரையில் சொல்லவே சொல்லாத விஷயம்.

சரி, உன் நாவல். நீயே ஏற்று, நான் தடுக்கவில்லை. ஆனால் போன நாவலில் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன கிழவர் எட்டாம் அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அதைக் கண்டுபிடித்தது நீயும் இல்லை, கைப்பிரதியை வாசித்துப் பாராட்டிய நானும் இல்லை, பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்த அந்தப் பெண். அவர் இப்போது வீட்டிலிருந்தே பிழைதிருத்திக் கொடுக்கிறாராம். எண் தேடி வைத்திருக்கிறேன். முதலில் அவருக்கு அனுப்பு, பிறகு எனக்கு, அச்செடுத்து, எழுத்து கொஞ்சம் பெரிதாக.

உன்,
பழைய மேசைத் தோழன்