அந்த முதல் மூணு மணி நேரத்துக்கு எந்த வண்டி அனுப்பப் போறீங்க? குளிர்பதனத் திட்டம் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

விளைபொருள் போக்குவரத்து, குளிர்பதனக் கிடங்குன்னு திட்டம் போட்டு பணம் ஒதுக்குற பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் பெரிய ஆள் இல்லீங்க. சின்ன சின்ன விவசாயிங்ககிட்ட காய் எடுத்து, தரம் பிரிச்சு, லோடு கட்டி அனுப்புறதுதான் பொழப்பு. வருஷா வருஷம் புதுசா ஒரு அறிவிப்பு வருது, இத்தனை குளிர்சாதன லாரி, இத்தனை டன் கொள்ளளவுல குடோன்னு. நல்லதுதான், வேண்டாம்னு யார் சொல்லுவா. ஆனா காய் செடியில இருந்து பறிச்சு அந்த லாரிக்குள்ள ஏறுற வரைக்கும் நடுவுல ஒரு மூணு நாலு மணி நேரம் இருக்கு பாருங்க, அதுக்குன்னு எந்தத் திட்டத்துலயும் ஒரு வரி கூட நான் பார்த்ததில்ல. கெடுறதுல பெரும்பகுதி அங்கதாங்க ஆரம்பிக்குது.

என் கதையே சொல்றேன். ஒரு தடவை குடைமிளகாய் லோடு. பறிக்கிற ஆளுங்க லேட்டா வந்தாங்க, உச்சி வெயில்லதான் பறிப்பு முடிஞ்சுது. பெட்டியில போட்டு, மரத்தடி கூட இல்லாத இடத்துல அடுக்கி வச்சு, வண்டி வர்றதுக்கு காத்துக்கிட்டு இருந்தோம். ஏத்துறதுக்கு முன்னாடி சும்மா ஒரு காய்ல தெர்மாமீட்டர் கம்பியை குத்திப் பார்த்தேன், 31 டிகிரி. டிரைவர் சிரிச்சாரு, "அண்ணே நீங்க கவலைப்படாதீங்க, 8-ல வச்சுட்டேன், விடியறதுக்குள்ள ஜில்லுனு ஆயிடும்"னாரு. நானும் நம்பிட்டேன். மறுநாள் காலையில அந்தப் பக்கம் கதவைத் திறந்தா, வெளிய இருக்கிற டிஸ்பிளே அழகா 8 காட்டுது. வாங்குறவர் நடு அடுக்குல ஒரு பெட்டியை உருவி, ஒரு காயை ரெண்டா வெட்டி, அதுல கம்பியை வச்சு எனக்கு போட்டோ அனுப்புறாரு, 22 டிகிரி. பெட்டிக்குள்ள வேர்த்து கொட்டியிருக்கு, காம்பு எல்லாம் கொழகொழன்னு. பாதி லோடு கழிவு. வண்டிக்காரர் ரெக்கார்டை எடுத்து நீட்டுறாரு, ராத்திரி முழுக்க 8 டிகிரி, எங்க மேல தப்பே இல்லைன்னு. அவர் சொன்னது பொய்யும் இல்ல, அந்த ரெக்கார்டு காத்தோட சூடு, காயோட சூடு இல்ல. அவ்வளவுதான் விஷயம்.

குளிர்சாதன வண்டியில இருக்கிற மெஷின், ஏற்கனவே குளிர்ந்த சரக்கை குளிர்ச்சி குறையாம கொண்டு போறதுக்குத்தான் செஞ்சது. சுவர் வழியா வர்ற சூட்டையும், காய் மூச்சு விடுறதால வர்ற கொஞ்சம் சூட்டையும் சமாளிக்கும். தோட்டத்துச் சூட்டோட வர்ற பல டன் சரக்கை இறக்குற சக்தி அதுக்குக் கிடையாது. அதுலயும் நம்ம ஆளுங்க கூரை வரைக்கும் இடிச்சு அடுக்கிடுவாங்க, காத்து போக வழியே இருக்காது, காத்து வாய்க்கு நேரா இருக்கிற பெட்டி விறைச்சுப் போகும், நடுவுல இருக்கிறது அவிஞ்சு போகும். சரி, வேகமா குளிரட்டும்னு சில பேர் 2 டிகிரிக்கு இறக்கி வைக்கிறாங்க, அது இன்னொரு கூத்து. வாழைக்காய் 13 டிகிரிக்குக் கீழ போனா தோல் சாம்பல் பூத்து கறுத்துடும், அப்புறம் ஒழுங்கா பழுக்காது. வெள்ளரி, கத்திரி, தக்காளிக்கும் ரொம்ப குளிர் ஆகாது.

பறிச்ச காயும் உயிரோடதான் இருக்கு, மூச்சு விடுது. சூடு 10 டிகிரி ஏறுனா அந்த மூச்சு ரெண்டு மூணு மடங்கு ஆகும். அப்படின்னா 30 டிகிரியில கிடக்கிற காய், 10 டிகிரியில இருக்கிறதை விட குறைஞ்சது நாலு மடங்கு வேகமா தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மூச்சு விட்டா அதுலயும் சூடு வருது, அந்த சூட்டுல இன்னும் வேகமா மூச்சு விடுது. இனிப்புச் சோளத்தை வெயில்ல ஒரு நாள் போட்டுப் பாருங்க, மறுநாள் கடிச்சா இனிப்பு காணாம போயிருக்கும். வெயில்ல போன அந்த மூணு மணி நேரத்தை அப்புறம் எவ்வளவு நல்ல வண்டியில ஏத்தினாலும் திருப்பி வாங்க முடியாது.

அதனால நான் கேக்குறது ரொம்ப பெருசு இல்ல. லாரிக்கு ஒதுக்குறதுல ஒரு பங்கை தோட்டத்துப் பக்கம் திருப்புங்க. முதல்ல நிழல். சிரிக்காதீங்க, நாலு தூண் போட்டு ஒரு கூரை, அது கூட இல்லாம வெட்டவெளியில அடுக்கி வைக்கிற இடம்தான் அதிகம். அடுத்தது முன்குளிர்விப்பு, அதாவது வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே காயோட சூட்டை இறக்குறது. குளிர் ரூம்ல சும்மா அடுக்கி வச்சா நடுப்பெட்டி குளிர ஒரு நாள் கூட ஆகலாம், அதே ரூம்ல ஒரு பெரிய ஃபேன் வச்சு பெட்டி ஓட்டை வழியா காத்தை இழுத்தா சில மணி நேரத்துல வேலை முடியும். தண்ணி தாங்குற காயா இருந்தா ஐஸ் தண்ணியில முக்கி எடுத்தா இன்னும் சீக்கிரம். கரண்டே இல்லாத இடத்துக்கும் வழி இருக்கு. நைஜீரியாவுல முகமது பா அப்பான்னு ஒரு வாத்தியார், பானைக்குள்ள பானை வச்சு நடுவுல ஈர மணலைப் போட்டு காய் வச்சாரு, அதுக்கு 2000-ல ரோலெக்ஸ் விருதே கொடுத்தாங்க. அதே மாதிரி ரெட்டைச் செங்கல் சுவர், நடுவுல மணல், தண்ணி தெளிக்கிறதுன்னு பெரிய தொட்டியாவும் கட்டுறாங்க. ஈரம் ஆவியாகும்போதுதான் குளிரும்கிறதால, காத்து வறண்ட இடத்துலதான் இது நல்லா வேலை செய்யும், புழுக்கமான இடத்துல பிரயோஜனம் கம்மி, அதையும் சொல்லிடுறேன், அப்புறம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கட்டிட்டு என்னைத் திட்டாதீங்க.

சாக்கு மூட்டையை நிறுத்தி பிளாஸ்டிக் கிரேட் (அடுக்கு பெட்டி) கொடுங்க, அது மூணாவது. மூட்டையில காத்து போகாது, அடியில இருக்கிறது நசுங்கும், லோடுமேன் தூக்கிப் போடும்போது மேல இருக்கிறதும் நசுங்கும். கப்பல் சரக்குல 1956-ல மால்கம் மெக்லீன் கன்டெய்னர் கொண்டு வந்தாரே, உள்ள இருக்கிறதைத் தொடாம பெட்டியோட தூக்கி மாத்துறது, அதே யோசனைதான், பறிச்ச கிரேட்லயே கடை வரைக்கும் போகணும். ஒவ்வொரு தடவை கொட்டி அள்ளும்போதும் ஒரு அடி விழுது காய்க்கு. ஆனா காலி கிரேட் திரும்பி வர்றதுக்கு யாராவது பொறுப்பு எடுத்துக்கணும், இல்லன்னா ரெண்டே மாசத்துல எல்லாம் யார் வீட்டுலயாவது தண்ணி பிடிச்சு வைக்கிற தொட்டியா மாறிடும், பார்த்திருக்கேன்.

எல்லையிலயும் துறைமுகத்துலயும் நிறுத்தி சோதனை போடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. உலக வர்த்தக அமைப்போட வர்த்தக எளிதாக்கல் ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. அழுகிப் போற சரக்கை முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம் விடணும், சோதனைக்கு முன்னுரிமை கொடுக்கணும், காத்திருக்கிற நேரத்துல கெடாம வைக்க ஏற்பாடு இருக்கணும்னு அதுல எழுதியே இருக்கு. எழுத்துல இருக்கு, யார்டுல இல்ல. கதவைத் திறந்து போட்டுட்டு பேப்பர் தேடப் போனா, உள்ள இருக்கிற குளிர்ச்சி அதோட போச்சு.

இன்னொண்ணு, கலப்பு லோடு. வண்டி நிறையணும்னு ஆப்பிளோட வெள்ளரிக்காயும் கேரட்டும் ஏத்துறாங்க. பழம் விடுற எத்திலீன் வாயுவுல வெள்ளரி மஞ்சளாகும், கேரட் கசக்கும். இதுக்கு பணமே வேண்டாம், எதோட எது சேராதுன்னு ஒரு அட்டை அச்சடிச்சு லோடிங் இடத்துல ஒட்டினா போதும்.

அறுவடைக்கு அப்புறம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே உலகத்துல விளையுற உணவுல சுமார் 14 சதவீதம் போயிடுதுன்னு ஐநா உணவு வேளாண் அமைப்பு 2019-ல சொல்லுச்சு. உங்க மீட்டிங் எல்லாத்துலயும் இந்த நம்பர் முதல் ஸ்லைடுல வருது. ரெண்டாவது ஸ்லைடுல லாரி படம் வந்துடுது. நடுவுல ஒரு படம் வேணும்னா, வெயில்ல அடுக்கி வச்சிருக்கிற என் குடைமிளகாய் பெட்டிங்களோட போட்டோ இருக்கு, தர்றேன்.

அடுத்த திட்டத்தை எழுதுறதுக்கு முன்னாடி உங்கள்ல ஒருத்தராவது ஒரு பறிப்பு நாள் நேர்ல வாங்க. காலையில வேண்டாம், மதியம் ரெண்டு மணிக்கு வாங்க. வரும்போது அந்த குத்துற தெர்மாமீட்டர் ஒண்ணு எடுத்துட்டு வாங்க சார், எங்கிட்ட இருந்தது கம்பி வளைஞ்சு போச்சு.