பொழுதுபோக்குக் குளங்களின் கரைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை மழைக்காலத்தில் நாள்தோறும் தங்கள் நாளிதழில் பார்க்கிறோம். ஆனால் மலையடிவாரத்தில் தங்கும் விடுதிக்காரர்களும் பண்ணை வீட்டுக்காரர்களும் படகு விடுவதற்கும் தூண்டில் போடுவதற்கும் ஓடைகளை மறித்துப் போட்டிருக்கும் மண்கரைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து கரை நீளம், கொள்ளளவு முதலான நிபந்தனைகளில் ஒன்றுக்கேனும் உட்படும் அணைகளையும் மட்டுமே தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. நான்கைந்து மீட்டர் கரைக்கு அதில் இடமில்லை. 5 மீட்டர் உயரத்துக்கு 40,000 கன மீட்டர், அதாவது சுமார் 14 லட்சம் கன அடி நீர் நிற்கும் மண்கரை உடைந்தால், பொறியாளர்கள் கையாளும் வழக்கமான சூத்திரப்படி உச்ச நேரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3,500 கன அடி வெள்ளம் புறப்படும். ஆள் தாண்டிவிடக்கூடிய ஓர் ஓடை இதைத் தாங்குமா?

அமெரிக்காவில் அணைகளின் அபாய வகையைத் தீர்மானிக்கும்போது கரை உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அது தனிச் சோதனை. உடைந்தால் கீழே யாருக்கு என்ன நேரும் என்பதையே பார்க்கிறார்கள். ஓர் உயிர் போகக்கூடும் என்று கருத இடமிருந்தாலே, கரை எவ்வளவு சிறியதானாலும் அது உயர் அபாய வகையில் சேர்ந்துவிடும். கரை போட்டபோது கீழே நஞ்சையாக இருந்த இடத்தில் பிற்பாடு வீட்டுமனை போட்டால், கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமலே அதன் வகை மாறும். நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய விதி இதுதான் என்பேன்.

பென்சில்வேனியாவில் 1889 மே 31 அன்று உடைந்து 2,200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சவுத் ஃபோர்க் மண்ணணை, செல்வந்தர்களின் மீன்பிடி மன்றத்துக்குச் சொந்தமானது. மீன் தப்பாதிருக்க, உபரிநீர் வெளியேறும் வழிந்தோடியில் வலை வைத்தார்கள். வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். அடியில் நீரை வெளியேற்றும் குழாய்கள் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தன. அளவில் அது பெரிய ஏரிதான். இருந்தாலும் எங்கள் பக்கத்து விடுதி ஒன்றின் குளத்தைப் பார்த்தபோது அந்த நினைவுதான் வந்தது. உபரிநீர் வழிந்தோடும் மறுகாலை அடைத்து இரும்பு வலை. அதில் உடைமரச் சருகும் தண்ணீர்ப் பாட்டில்களும் முழங்கால் உயரத்துக்கு அப்பியிருந்தன. நடைபாதைக்காகக் கரையின் நடுப்பகுதியைச் செதுக்கிச் சமப்படுத்தியிருந்தார்கள். மறுகாலுக்கும் அந்தத் தாழ்ந்த இடத்துக்கும் இரண்டு அடி வித்தியாசம்கூட இராது. கல் அணை தலைக்கு மேல் வெள்ளம் போனாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மண்கரை அரித்துக்கொண்டே போய் உடைந்துவிடும்.

கரையின் வெளிச்சரிவு அடியில் ஈரம் தெரிவது அதைவிட நுட்பமான விஷயம். கசிவு தெளிந்த நீராக, ஒரே அளவில் இருந்தால் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று பொருள். இதை நம் ஊர்களில் நீர்ப்பாய்ச்சும் முதியவர்கள் எவரும் சொல்வார்கள். ஆனால் விடுதிக் கரையில் நிழலுக்கு வைத்த மரங்களின் வேர் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எலி வளை எங்கே இருக்கிறது என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், குளங்கள் உடைந்து ஊர்கள் துண்டுபட்டதையும் நாம் பார்த்தோம். ஆகவே, திருநெல்வேலி, தென்காசி மாவட்ட நிர்வாகங்கள் இத்தகைய தனியார் கரைகளைக் கிராம நிர்வாக அலுவலர்கள் வழியாகக் கணக்கெடுத்து, கீழே உள்ள வீடு, பள்ளி, சாலையைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தி, அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். உயர் அபாய வகையில் வரும் கரைகளின் மறுகால் வலைகளையேனும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் உரிமையாளர் செலவில் அகற்ற உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
அம்பாசமுத்திரம் வட்டம்.