கடல் முதலில் வந்தது ஏன்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று இரவு பணம் கட்டிவிட்டேன். அடுத்த ஜூலையில் மறுபடியும் தென்னாப்பிரிக்கா, டர்பன். இதை உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எடுப்பாயா என்று தெரியாததாலும், எடுத்தால் இரண்டாவது பேச்சிலேயே நான் சண்டைக்கு நிற்பேன் என்று தெரிந்ததாலும் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். இங்கே என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

2018ஆம் ஆண்டுப் பயணத்தில் என் சுறாவை முன்னால் வைத்து உன் காட்டைப் பின்னுக்குத் தள்ளினேன் என்பதுதான் உன் முதல் குறை. ஸ்கூபாவில் இறங்கினால் உடம்பில் நைட்ரஜன் கரைந்து தங்கும், பலமுறை முங்கியவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, ஆகவே டர்பனுக்குத் தெற்கே இருக்கும் உம்கோமாஸில் கடலை முடித்துக்கொண்டு என்2 நெடுஞ்சாலையில் காரிலேயே வடக்கே போனால் அந்த நேரமெல்லாம் காட்டிலேயே கழிந்துவிடும் என்று அப்போதே உனக்கு வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அது பொய்யில்லை. ஆனால் காட்டை முதலில் பார்த்துவிட்டுக் கடைசியில் கடலுக்கு வந்து, டர்பனில் ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு விமானம் ஏறியிருந்தாலும் கணக்குச் சரியாகவே வந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை. காண்டாமிருகத்தைப் பார்த்து மனம் நிறைந்துவிட்டால் கடல் பக்கம் வரமாட்டாய் என்று பயந்தேன்.

எனக்காகத்தான் நாற்பத்து நான்கு வயதில் புதுச்சேரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தாய். முகமூடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றும் அந்த ஒரு பாடத்துக்காக மூன்று நாள் அழுதாய். மறக்கவில்லை.

அந்தக் காலையில், ஆற்று முகத்துவாரத்தில் ரப்பர் படகு அலைமேல் ஏறி விழுந்தபோது, பாதங்களைப் படகின் தரையிலிருந்த பட்டைகளுக்குள் செருகிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். அலிவால் என்ற கடலடிப் பாறைத் திட்டின் மேலே, சலவை இயந்திரத்தின் துளைகள் நிறைந்த உருளைக்குள் மத்தி மீனை அடைத்து ஏறக்குறைய எட்டு மீட்டர் ஆழத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதிலிருந்து கசிந்த எண்ணெய் நீரோட்டத்தோடு போன வழியைப் பிடித்துக் கரும்முனைச் சுறாக்கள் வந்தன. முதலில் நான்கு, பிறகு எண்ணிக்கை தப்பிப்போயிற்று. ஒன்று என் தோளுக்கும் உருளைக்கும் இடையில் அவசரமே இல்லாமல் நுழைந்து போனது. அதன் செவுள் பிளவுகள் ஐந்தையும், வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த ஒட்டு மீனையும் பார்த்தேன். எங்கோ தொலைவில் கூனல் திமிங்கிலம் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அது காதில் விழுந்ததைவிட நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்ததே அதிகம். அப்போதுதான் நீ கட்டைவிரலை உயர்த்தினாய்.

கரையில் அதற்குப் பிரமாதம் என்று பொருள். நீருக்கடியில், மேலே போக வேண்டும் என்று பொருள். நானும் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுச் சுறாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழக்கதோஷத்தில் மாற்றிப் புரிந்துகொண்டேன் என்று ஏழு ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். மாற்றியெல்லாம் புரிந்துகொள்ளவில்லை, அக்கா. முகமூடிக்குள் உன் கண்களைப் பார்த்தேன், புரிந்தது, இன்னும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கூட இறங்கியவர் மேலே போனால் நாமும் போக வேண்டும் என்பது முதல் நாள் பாடம். வழிகாட்டிதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அரை மணி நேரம் கழித்து ஏறி வந்தபோது நீ படகின் விளிம்பில் கவிழ்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாய், தலையைத் தூக்கி, "பார்த்தியாடா?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்வியை நீ எந்த மனதோடு கேட்டாய் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அன்றிரவு விடுதியில் நாம் பேசிக்கொண்டதை இங்கே எழுதமாட்டேன். அதில் அம்மாவின் பெயர் வந்தது. உன் மகளும் இதைப் படிக்கிறாள்.

மூன்றாம் நாள் இம்ஃபோலோசி காட்டின் நடைப்பயணத்தில், இரவில் நெருப்பைப் பார்த்துக்கொண்டு முறைவைத்துக் காவல் இருக்க வேண்டியிருந்ததே, அப்போது என்னை எழுப்பாமல் என் முறையையும் சேர்த்து நீயே உட்கார்ந்திருந்தாய். கழுதைப்புலி கத்தியதாம், எனக்குக் கேட்கவேயில்லை. விடிந்ததும் உன் கம்பளியும் என்மேல்தான் கிடந்தது. அதற்கு நன்றி சொல்லலாம் என்று ஊருக்கு வந்தால், சித்தி வீட்டுக் கல்யாணப் பந்தியில், "சுறாவுக்கு என்னைப் போட்டுட்டு வந்தவன், சிங்கத்துக்கும் போடுவான்னுதான் தூங்காம இருந்தேன்" என்று இலைக்கு இலை சொல்லிச் சிரிக்கவைத்தாய். நான் செய்தது ஐந்து நிமிடத் தவறு. நீ அதை ஏழு ஆண்டுகளாகப் பரிமாறிக்கொண்டிருக்கிறாய். உன் விமானச் சீட்டுக்குக் கடன் வாங்கியவன் யார் என்பதை எந்தப் பந்தியிலாவது சொன்னாயா? இந்த வரியை அழித்துவிடலாம் என்று பார்த்தேன்; இருக்கட்டும்.

குட்டியை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் வந்த அந்தத் தாய்க் காண்டாமிருகத்தைப் பார்த்து, கொம்பின் நீளத்தைக் காற்றில் கையால் அளந்து காட்டினாயே, அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காப்பகத்தில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 307 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றுவிட்டார்கள். அதைத் தடுக்க, 2024 ஏப்ரலில் தொடங்கி, காப்பகத்தாரே மயக்க ஊசி போட்டு, இருப்பவற்றின் கொம்புகளை அறுத்துவருகிறார்கள். நகம்போன்ற பொருள்தான், திரும்ப வளரும். தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் நூறுக்கும் குறைவாகச் சுருங்கிப்போன காலத்தில் அதற்கு அடைக்கலம் தந்ததும், 1960களில் அங்கிருந்து மற்றக் காடுகளுக்கு அனுப்பிவைத்ததும் அதே மண்தான். நீ பார்த்தது உயிரோடு இருந்தாலும், அந்தக் கொம்போடு இருக்காது.

இந்த முறை காடு முதலில். நடைப்பயணத்தில் இரண்டு இடம் சொல்லியிருக்கிறேன். காவல் முறையில் முதல் பங்கு எனக்கு. படகில் ஓர் இடம்தான். அன்றைக்கு நீ கரையில் காபி குடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது ஊரிலேயே இருக்கலாம். பணம் திரும்பி வராது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உன் பாஸ்போர்ட் மார்ச் மாதத்தோடு முடிகிறது என்று நினைவு. எடுத்துப் பார்.

தம்பி