உஸ்னியா சாறும் சின்ன வளையமும்

அன்புள்ள கதிர்,

உன் கடிதமும் தட்டுகளின் படங்களும் கிடைத்தன. உஸ்னியா லைக்கனின் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று சோதித்தாய்; ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா தட்டில், சாறு ஊறிய காகித டிஸ்க்கைச் சுற்றி பாக்டீரியா வளராத 8 மில்லிமீட்டர் வளையம்தான் வந்தது, இந்த லைக்கனில் சரக்கில்லை என்று முடிவுகட்டியிருக்கிறாய். அவசரப்படாதே. அதில் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருளான உஸ்னிக் அமிலம் 100 மில்லி தண்ணீரில் 10 மில்லிகிராம்கூடக் கரையாது. தட்டில் பாக்டீரியா வளரும் அகார் கூழோ பெரும்பாலும் தண்ணீர்தான். டிஸ்க்கில் வைத்தது டிஸ்க்கிலேயே உட்கார்ந்துவிடும், வளையம் எப்படி விரியும்? லைக்கன் அமிலங்களுக்கு டிஸ்க் முறையை நான் நம்புவதே இல்லை.

முதலில், கையில் இருப்பது உஸ்னியாதானா என்று பார். ஒரு கிளையை நனைத்து, இரு முனையையும் பிடித்து மெல்ல இழு. வெளித்தோல் வெடித்து, உள்ளே வெள்ளை நரம்பு ரப்பர்போல நீள வேண்டும். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும் அந்த வெளித்தோலில்தான் உஸ்னிக் அமிலம் இருக்கிறது. மரப்பட்டைத் துணுக்கு, பாசி, வேறு லைக்கன் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பொறுக்கி எடுத்துவிடு. ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம் நீ சோதிப்பது எதை என்று யாருக்கும் தெரியாது. நிழலில், அறை வெப்பத்தில் உலர்த்து.

10 கிராம் தூளுக்கு 200 மில்லி அசிட்டோன், கண்ணாடிக் குடுவையில், மூடி போட்டு 24 மணி நேரம். பாலிஸ்டைரின் பாத்திரம் வேண்டாம், அசிட்டோனில் அதுவே கரைந்துவிடும். வடிகட்டி, சக்கையை இன்னொரு முறை ஊறவை. இரண்டையும் சேர்த்து 40 டிகிரிக்குள் ஆவியாக்கு. பக்கத்தில் தீ கூடாது. மிஞ்சும் பிசினைக் குளிர்ந்த எத்தனாலில் கழுவினால் பச்சையம் பெரும்பகுதி போய்விடும். உஸ்னிக் அமிலம் எத்தனாலில் அதிகம் கரையாததால் மஞ்சள் படிகமாகத் தங்கும். சுத்தமானதா என்பதற்கு 204 டிகிரியை ஒட்டிய உருகுநிலையும், பொருள்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தட்டும் (டிஎல்சி) போதும்: டொலுவீன் 170, அசிட்டிக் அமிலம் 30 என்ற கலவையில் ஓடவிட்டு, 10% கந்தக அமிலம் தெளித்து 110 டிகிரியில் சூடாக்கு. பக்கத்திலேயே, உஸ்னிக் அமிலம் என்று உறுதியான மாதிரி ஒன்றும் ஓட வேண்டும்.

இனி டிஸ்க்கை விட்டுவிட்டு 96 குழித் தட்டுக்கு வா. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிக்கு 10 மில்லிகிராம் கரைத்து, பாக்டீரியா வளர்க்கும் முல்லர் ஹின்டன் குழம்பில் 50 மடங்கு நீர்த்துக்கொள். அதிலிருந்து குழிக்குக் குழி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோலிட்டர் நிறுத்து. பாக்டீரியாவை 0.5 மெக்ஃபார்லாண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) அளவுக்குக் கலக்கி, 100 மடங்கு நீர்த்து, அதே அளவு சேர். முதல் குழியில் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் உஸ்னிக், 1% டிஎம்எஸ்ஓ. பாக்டீரியா மில்லிக்கு 5 லட்சம் அளவில். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம்.

மேல் குழிகளில் மஞ்சள் வீழ்படிவு வந்தால் அதைக் கலங்கல் என்று எண்ணி, பாக்டீரியா வளர்ந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது. ரெசாசுரின் என்ற சாயம் போடு: வளர்ச்சி இருந்தால் இளஞ்சிவப்பு, இல்லாவிட்டால் நீலம். சாறே நிறத்தை மாற்றக்கூடும், அதனால் பாக்டீரியா இல்லாத சாற்றுக் குழி ஒன்றைக் கட்டாயம் வை. 1% டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழி ஒன்றும், தெரிந்த ஆன்டிபயாடிக் ஒன்றும் வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த உஸ்னிக் அளவு மில்லிக்கு 8 முதல் 32 மைக்ரோகிராம் என்று வந்தால் ஆச்சரியப்படாதே. கச்சா சாறு 1000 மைக்ரோகிராமில்தான் வேலை செய்கிறது என்றால் அதைப் பெரிதாக எழுதவும் வேண்டாம்.

ஈ.கோலை தட்டில் வளையமே வராதது சரிதான். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு இந்தக் கொழுப்பில் கரையும் மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது. பர்க்ஹோல்டர் குழுவினர் 1944-ல் லைக்கன்களைச் சோதித்தபோதே ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற, வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ்களைத்தான் அவை அதிகம் தடுத்தன.

அப்புறம், உள்ளுக்குச் சாப்பிடலாமா என்று உன் மாணவர் கேட்டதற்கு: கூடாது. உஸ்னிக் அமிலம் புரோட்டான்களைச் சவ்வு தாண்டிக் கடத்திவிடும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அதற்குத் தப்பாது, ஈரல்தான் முதலில் அடிபடும். அது கலந்த எடைக்குறைப்பு மாத்திரை ஒன்றைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2001-லேயே எச்சரித்திருக்கிறது.

அடுத்த முறை சேகரிக்கும்போது காற்றில் உதிர்ந்த கிளைகளிலிருந்து மட்டும் எடு. 10 கிராம் போதும். குழித் தட்டின் எண்களை அனுப்பு; வீழ்படிவு எந்தக் குழியில் தொடங்கியது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
செல்வம்