லூப்பேக் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்: ஒலிக்கருவிகளை அளந்து எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

ஆம்ப், டாக் (டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்சமிக்ஞையாக மாற்றும் கருவி), ஹெட்போன், ஸ்பீக்கர் என்று எது கையில் கிடைத்தாலும் அளந்து பார்த்து வரைபடத்தோடு எழுதுகிறவர்கள் நீங்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஒரு லேப்டாப், ஒரு சிறிய யூஎஸ்பி அளவீட்டுப் பெட்டி, நாலைந்து மின்தடைகள், ஒரு மைக், முடிச்சு விழுந்த கொஞ்சம் கேபிள்: என் சோதனைக்கூடம் முழுவதும் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஒலி அளவீட்டுக் கருவிகள் செய்யும் ஆடியோ பிரிசிஷன் நிறுவனம் தொடங்கியது 1984இல். அதன் பிறகு வெகுகாலம், சிதைவையும் இரைச்சலையும் நம்பகமாக அளக்க வேண்டுமென்றால் மேசையை அடைத்துக்கொள்ளும் அப்படிப்பட்ட பெரிய கருவியிடம்தான் போக வேண்டும். இன்றைக்குக் கியூஏ403, காஸ்மாஸ் ஏடிசி போன்ற சிறு பெட்டிகள் யூஎஸ்பி மின்சாரத்திலேயே வேலை செய்கின்றன. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருள் இலவசம். யூமிக்-1 மைக்கை வாங்கினால், வரிசை எண்ணைக் கொடுத்து அந்த ஒரு மைக்குக்கே உரிய திருத்தக் கோப்பை இறக்கிக்கொள்ளலாம். ஆக, கருவி இல்லை என்று இனி நாம் சொல்ல முடியாது. அளந்த எண்ணைப் போடுகிறோம், எப்படி அளந்தோம் என்பதை விட்டுவிடுகிறோம். என் குறை இதுதான்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஹெட்போன் ஆம்ப் ஒன்றை அளந்தபோது, மின்சார இணைப்பின் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் வரிசையாக முட்கள் எழுந்தன. 'மின்வழங்கி வடிவமைப்பு மோசம்' என்று தயங்காமல் எழுதிவிட்டேன். சில வாரங்கள் கழித்து அதே ஆம்பை வேறு வேலைக்காக இணைத்தேன். அன்று சார்ஜரைக் கொண்டுபோக மறந்திருந்தேன், லேப்டாப் பேட்டரியில் ஓடியது. முட்கள் ஒன்றைக்கூடக் காணோம். சார்ஜரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் யூஎஸ்பி கேபிளின் உறை வழியாகக் கைகோத்து ஒரு சுற்றை உண்டாக்கியிருந்தன. ஹம் என்னும் அந்த ரீங்காரம் ஆம்பில் பிறக்கவில்லை, என் மேசையில்தான் பிறந்தது. திருத்தம் போட்டேன். ஆனால் முதலில் எழுதியதைப் படித்தவர்கள் எல்லாரும் திருத்தத்தையும் படித்திருப்பார்களா என்ன?

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள் வந்தன. ஒன்று, சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் அளப்பேன். (கியூஏ403 போல யூஎஸ்பி பக்கத்தைத் தனிமைப்படுத்திய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.) இரண்டு, லூப்பேக். பெட்டியின் வெளியீட்டை ஒரு குட்டைக் கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே செருகி, கருவி எதுவும் இல்லாமல் முதலில் ஓர் அளவு எடுப்பது. பெட்டியின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஓர் உதாரணம்: லூப்பேக்கில் இரைச்சல் மைனஸ் 110 டெசிபல், ஆம்பைச் சேர்த்தால் மைனஸ் 107. ஆம்ப் கெட்டது என்று தோன்றும். ஆனால் சம அளவுள்ள, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். அதாவது ஆம்பின் சொந்த இரைச்சலும் மைனஸ் 110தான். லூப்பேக் படம் பக்கத்தில் இல்லாவிட்டால் படிப்பவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

அடுத்தது எஃப்எஃப்டி (சமிக்ஞையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) வரைபடத்தின் அடியில் புல் போலத் தெரியும் அந்தப் பகுதி. 'இரைச்சல் மைனஸ் 150 டெசிபல், அபாரம்!' என்று எழுதும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். புல்லின் உயரம் இரைச்சல் அல்ல. எஃப்எஃப்டி மொத்த இரைச்சலை ஆயிரக்கணக்கான சிறு அதிர்வெண் துண்டுகளாகப் பங்கு போடுகிறது. 32,768 புள்ளிகள் எடுத்தால் 16,384 பங்குகள். எல்லா அதிர்வெண்ணிலும் சமமாகப் பரவிய வெள்ளை இரைச்சலாக இருந்தால் ஒவ்வொரு பங்கும் மொத்தத்தைவிட ஏறத்தாழ 42 டெசிபல் கீழே போய் நிற்கும். மொத்த இரைச்சல் மைனஸ் 110 என்றால் புல் மைனஸ் 152இல் தெரியும். புள்ளிகளை நான்கு மடங்காக்கி 1,31,072 என்று வையுங்கள், புல் இன்னும் 6 டெசிபல் இறங்கும். கருவியில் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள். எனவே புள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் இரண்டு பேரின் வரைபடங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, இரண்டு வீட்டுக் குழந்தைகளை வெவ்வேறு அளவுகோலால் அளந்துவிட்டு யார் உயரம் என்று சண்டை போடுவது போலத்தான்.

சைனாட் கணக்கும், அதாவது இரைச்சலும் சிதைவும் சேர்ந்ததைவிடச் சமிக்ஞை எவ்வளவு பெரிது என்ற எண்ணும், அப்படியே. இரைச்சல் மட்டுமே எல்லையாக இருக்கும் ஒரு டாக்கை நீங்கள் 2 வோல்ட் வெளியீட்டில் அளக்கிறீர்கள், நான் 0.5 வோல்ட்டில் அளக்கிறேன். எண் 12 டெசிபல் மாறும். நீங்கள் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கணக்கில் எடுத்தீர்கள், நான் 80 வரை எடுத்துவிட்டேன் என்றால் வெள்ளை இரைச்சலில் இன்னுமொரு 6. ஆக 18 டெசிபல் வித்தியாசம், இருவர் அளந்ததும் சரி. இதை வைத்துக்கொண்டு கருத்துப் பகுதியில் எத்தனை சண்டை!

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது, சோதனை அலையை 1,000 ஹெர்ட்ஸில் வைப்பதா 997 ஹெர்ட்ஸில் வைப்பதா என்ற விவாதம். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) 1,000 ஹெர்ட்ஸ் அலை 48 மாதிரிகளுக்கு ஒருமுறை அச்சு அசலாகத் திரும்பி வரும். அதே சில எண்களைத்தான் டாக் திரும்பத் திரும்பப் பார்க்கும். 997 பகா எண், திரும்பி வர 48,000 மாதிரிகள் ஆகும். அதனால்தான் டிஜிட்டல் ஒலிக்கருவிகளை அளப்பதற்கான ஏஇஎஸ்17 போன்ற தரநிலைகளில் அந்த விசித்திரமான எண் இருக்கிறது. எது வேண்டுமானாலும் வையுங்கள், வைத்ததைச் சொல்லுங்கள்.

ஹெட்போன் ஆம்பைச் சுமையே இல்லாமல், அதாவது ஹெட்போனோ அதற்கு ஈடான மின்தடையோ மாட்டாமல், அளந்துவிட்டு 'சிதைவு இல்லை' என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சும்மா நிற்கிறவன் ஏன் மூச்சு வாங்கப் போகிறான்? 33 ஓம் மின்தடை ஒன்றும் 300 ஓம் மின்தடை ஒன்றும் பையில் இடம் அடைக்காது. அதே 33 ஓமை வைத்து வெளியீட்டு மின்மறுப்பையும் (ஆம்புக்கு உள்ளேயே இருக்கும் தடை) கண்டுபிடித்துவிடலாம். சுமையில்லாமல் 1.00 வோல்ட், சுமையோடு 0.90 வோல்ட் என்றால், ஒன்றை 0.9ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்குங்கள்: சுமார் 3.7 ஓம். இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஆனால் விலை குறைந்த மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தகுந்தவை அல்ல, அதனால் இந்த அளவை 50, 100 ஹெர்ட்ஸ் அளவில் எடுங்கள்.

பவர் ஆம்பை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரத்தை மிக வேகமாக ஆன்-ஆஃப் செய்து இயங்கும் பல கிளாஸ்-டி ஆம்புகளில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை எர்த் அல்ல, அதுவும் சமிக்ஞையைச் சுமக்கிறது. அதில் எர்த் கிளிப்பை மாட்டினால் ஆம்ப் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு முனைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை அளக்கும் உள்ளீடு வேண்டும். காதுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும் ஸ்விட்சிங் மிச்சம் அளவீட்டைக் கெடுக்காமலிருக்க ஒரு வடிகட்டியும் வேண்டும். 8 ஓமில் 50 வாட் என்றாலே 20 வோல்ட், அதைப் பெட்டிக்குள் நேரடியாக விடும் முன் பெட்டியின் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயர்போன் அளப்பவர்களிடம் ஒன்றே ஒன்று. 711 என்று நாம் கூப்பிடும் ஐஇசி 60318-4 காது மாதிரியில், எவ்வளவு ஆழம் செருகினோம் என்பதைப் பொறுத்து 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து மேடு நகரும். காற்று கசிந்தால் பாஸ் விழும். ஐந்து முறை கழற்றி மாட்டி அளந்து, ஐந்து கோடுகளையும் போடுங்கள். சராசரியை மட்டும் காட்டாதீர்கள், கோடுகள் எவ்வளவு விரிகின்றன என்பதில்தான் செய்தி இருக்கிறது.

ஸ்பீக்கருக்கு வருவோம். ஆஞ்சலோ ஃபரீனா 2000இல் விளக்கிய மடக்கைச் சைன் ஸ்வீப் (தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஒரே இழுப்பாக ஏறும் அலை) முறை சுற்றுப்புறச் சத்தத்தை நன்றாகவே தாங்கும், சிதைவையும் தனியாகப் பிரித்துக் காட்டும். அறையின் எதிரொலியைத்தான் தாங்காது. ஸ்பீக்கரும் மைக்கும் தரையிலிருந்து 1.2 மீட்டரில், இடைவெளி 1 மீட்டர் என்றால், தரையில் பட்டு வரும் ஒலி 2.6 மீட்டர் பயணிக்கிறது. நேராக வருவதைவிட 1.6 மீட்டர் கூடுதல், சுமார் 4.65 மில்லிநொடி தாமதம். அந்த எதிரொலி வரும் முன்பே பதிவை வெட்டிக் கதவைச் சாத்தினால், ஒரு முழு அலைகூட அதற்குள் அடங்காததால், கிட்டத்தட்ட 215 ஹெர்ட்ஸுக்குக் கீழே உங்கள் கோட்டுக்கு அர்த்தம் இல்லை. ஆனாலும் 20 ஹெர்ட்ஸ் வரை வழுவழுவென்று வரைந்துவிடுகிறோம்! கீழ்ப்பகுதிக்கு ஸ்பீக்கர் கோனுக்கு மிக அருகில் மைக்கை வைத்து அளக்கும் முறையை ஒலிப்பொறியாளர் கீல் 1974இலேயே எழுதிவிட்டார். அதைப் பயன்படுத்துங்கள், அல்லது கோட்டை 215இல் வெட்டிவிடுங்கள்.

'படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு, தலைவலிதானே' என்று சிலர் சொல்வீர்கள். சரி, பத்தில் ஒன்பது பேர் படிக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தாவது ஆள்தான் உங்கள் அளவீட்டைத் தன் மேசையில் திரும்பச் செய்து பார்ப்பவர். அவருக்கு வழியை அடைத்துவிட்டால் உங்கள் தவறைச் சொல்ல யாருமே இல்லை. இன்னொன்றும் உண்டு. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தி) அச்சடித்த காலத்தை நாம் எல்லாரும் கிண்டல் செய்திருக்கிறோம். அப்படிப்பட்ட பேச்சுக்குக் கடிவாளம் போடத்தான் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974இல் ஆம்புகளுக்கு விதி கொண்டுவந்தது: வாட்டைச் சொன்னால் சுமை, அதிர்வெண் எல்லை, சிதைவு மூன்றையும் சேர்த்துச் சொல். 2024இல் அதைத் திருத்தி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவு என்று அளவுகளையே நிர்ணயித்துவிட்டது. விற்பவர்களிடம் கேட்பதை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

நான் கேட்பது ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் ஒரே ஒரு வரி: வெளியீட்டு அளவு, சுமை, கணக்கில் எடுத்த அதிர்வெண் எல்லை, எஃப்எஃப்டி புள்ளிகள், லேப்டாப் பேட்டரியிலா சார்ஜரிலா. பக்கத்தில் லூப்பேக் படம்.

என் பழைய அளவீடுகளைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றில் லூப்பேக் இல்லவே இல்லை. மூன்றின் தலைப்பிலும் 'சரிபார்க்கப்படாதது' என்று சேர்த்திருக்கிறேன். இரண்டு கருவிகள் இன்னும் என்னிடம் உள்ளன, அவற்றை மறுபடி அளக்கிறேன். மூன்றாவதைக் கொடுத்துவிட்டேன். உங்களில் யாரிடமாவது அது இருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்து அனுப்புங்கள், என் எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
தோள்பைச் சோதனைக்காரன் ஒருவன்