திருமணிமுத்தாறு பிறக்கும் மலை

குகை, சேலம்
கார்த்திகை 6

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியைப் படித்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன். பத்தியம் பத்தியம் என்று மருமகளைப் பட்டினி போட்டுவிடாதே, வயிறாரச் சாப்பிடட்டும். இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் தெருவில்தான் தறிச் சத்தம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது.

ஐப்பசி மழை சற்று ஓய்ந்ததும் ஏற்காடு போய் வந்தோம். காலேஜில் படிக்கும்போது நாம் போனோமே, அப்போது ஏரி, படகு, லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி, அவ்வளவோடு பஸ் ஏறிவிட்டோம். இந்தத் தடவை சேர்வராயன் கோயிலுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டேன்.

அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியேதான் இருக்கின்றன. மேலே ஏற ஏற, கீழே வெள்ளைக்கல் குவாரிகள் தரையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. காப்பித் தோட்டங்களில் பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக, கிளையை ஒட்டி நெருக்கமாகக் காய்த்திருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்த அம்மா ஒரு பழத்தைப் பிதுக்கிக் கையில் வைத்தார். வழவழவென்று இரண்டு கொட்டை, சப்பினால் லேசான தித்திப்பு. காப்பி வாசனை துளிகூட இல்லையடி! 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்தின் மேலேயே மிளகுக்கொடி என்று ஒரே இடத்தில் இரண்டு வெள்ளாமை எடுக்கிறார்கள்.

உச்சி 5,326 அடி. கூராக இருக்கும் என்று நினைப்பாய், அங்கே போனால் புல்வெளியாகப் பரந்த மைதானம். மலையின் உடம்பு முழுக்கச் சார்னோகைட் என்கிற கருங்கல். காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் அது மக்கி, மேலே செம்மண்ணும் பாக்சைட்டுமாக மூடிக்கிடக்கிறது. அலுமினியத்துக்கு மூலப்பொருள் அதுதான் என்பதால் இந்த மலையில் வெட்டியும் எடுத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றி நடந்தபோது ஈரமும் சில்லிப்பும் உள்ளங்காலில் ஏறியது.

கோயில் ஒரு குகை. தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கும்மிருட்டு, விளக்கு வெளிச்சத்தில்தான் சாமி முகம் தெரிகிறது. சேர்வராயனும் பக்கத்தில் காவேரி அம்மனும். பாறையைத் தொட்டுப் பார்த்தேன், நீர் கசிந்து விரல் நனைந்தது. இந்தக் குகை காவேரி வரைக்கும் போகிறது என்பது மலை ஜனங்களின் நம்பிக்கை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் இங்கேயும் மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்று அவர்கள் தங்கள் பூர்வீகத்தைச் சொல்வார்கள். மே மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராகத் திரண்டு வருகிறார்களாம்.

மலை உச்சியில் காவேரிக்கு ஏன் கோயில் என்று யோசித்தபடியே வெளியே வந்தேன். யோசித்துப் பார் மல்லிகா, நம் திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. ஓமலூர் வழியாகப் போகிற சரபங்காவும் இதே மலைதான். இரண்டும் கடைசியில் காவேரியில் சேர்கின்றன. வடக்கே தருமபுரிப் பக்கம் இறங்கும் வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது. ஒரே மலையில் பெய்த மழை இரண்டு பெரிய ஆறுகளுக்குப் பிரிந்து போகிறது. குகைக்குள் காவேரியை வைத்துக் கும்பிட்டவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கூடவே வருத்தமும் வந்தது. சுகவனேசுவரர் கோயில் பக்கம் ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் நாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதானே போனோம். இன்றைக்கும் அதே கதிதான், ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில்தான் கலக்கிறது. பிறந்த இடத்தில் தெளிவாக வருகிற தண்ணீரை நம் ஊருக்குள் இப்படி ஆக்கிவிட்டோமே என்று மனசு ஆறவில்லை. மேலேயும் கவலைதான். சோலையும் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களும்தான் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகின்றன. போகிற வழியெல்லாம் மரத்தை வெட்டி மனை போட்டிருக்கிறார்கள். மரம் போனால் பெய்கிற மழை ஒரே ஓட்டமாக ஓடிவிடும், மாசியில் ஓடை வறண்டுவிடும். ஏற்காட்டுக்குப் போகிறேன் என்கிறவர்களிடமெல்லாம் இப்போது இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏரி நிரம்பி வழிந்ததால் கிளியூர் அருவி நன்றாகவே கொட்டியது. 300 அடி. படி இறங்கி ஏறுவதுதான் சிரமம், அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பகோடா பாயிண்டில் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. ஆர்க்கிட் பண்ணைக்குப் போக நேரம் இல்லை, உன்னோடு போகலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

பேரனுக்குத் தலை நின்ற பிறகு பங்குனியில் எல்லோருமாக வாருங்கள். அந்தச் சமயம் ஒரு மழை பெய்தால் காப்பி பூத்துவிடும், மல்லிகை மாதிரி மலையே மணக்கும். கோயில் வாசல் வரை கார் போகிறது, உன் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே. தேதியை மட்டும் முன்கூட்டி எழுது, லீவு நாட்களில் மேலே ரூம் கிடைக்காது.

அன்புடன்,
சாந்தி