சாப்ட்வேர் போதும், பேச சொல்லித்தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவுல பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் இடைநிலைப்பள்ளில தமிழ் சொல்லிக்குடுக்குற டீச்சர். ஸ்கூல் லீவுல ரெண்டு நாள் ஒரு பயிற்சிக்கு போயிருந்தேன், தூரத்துல இருந்து படிக்கிற பிள்ளைங்களுக்கு மல்டிமீடியா பாடம் செய்றது எப்படின்னு. ரெண்டு நாளும் சாப்ட்வேர் தாங்க. எந்த பட்டன அமுக்குனா எழுத்து பறந்து வரும், எத அமுக்குனா மயில் தோகை விரிக்கும், இதே தான். (மீன்கறி நல்லா இருந்துச்சு, அத சொல்லியே ஆகணும்.) பாடத்த எப்படி பேசணும் எங்க நிறுத்தணும்னு ஒருத்தரும் வாய் திறக்கல.

யாருக்கு இந்த பாடம்னு கொஞ்சம் யோசிங்க. 1996 கல்விச் சட்டப்படி குறைஞ்சது 15 பிள்ளைங்களோட பெத்தவங்க கேட்டா தான் இடைநிலைப்பள்ளில தமிழ் வகுப்பு. எட்டு பேரு ஒம்பது பேரு இருக்குற எடத்துல அந்த பிள்ளைங்க எஸ்பிஎம்ல (அஞ்சாம் படிவத்து அரசாங்கப் பரீட்சை) தமிழ் எடுக்கணும்னா வெளிய தான் படிக்கணும், இலக்கியம்னா சொல்லவே வேணாம். கையில இருக்குறது அம்மாவோட போன், பிரிபெய்ட் டேட்டா, அதுவும் அம்மா ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா தான்.

நானும் யோக்கியம் இல்ல. 2020 மார்ச்ல பிகேபி, அதான் கொரோனா ஊரடங்கு, வந்தப்ப 40 நிமிஷம் வீடியோ எடுத்தேன், ஸ்லைடு பூரா பாரா பாராவா எழுதி வச்சு அதையே வாசிச்சேன், மேல பேன் கடகடன்னு ஓடுது. ஒரு பையன் வாட்ஸ்அப்ல கேக்குறான், "டீச்சர் அங்க மழையா?"ன்னு. படமும் குரலும் சேந்தா நல்லா மண்டைல ஏறும், பேசுறதையே ஸ்கிரீன்லயும் எழுதி வச்சா இடைஞ்சல் தான்னு ரிச்சர்டு மேயர்ங்கிற அமெரிக்க பேராசிரியர் எப்பவோ ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாராம், எனக்கு அது பிற்பாடு தான் தெரியும்.

அப்புறம் பேன ஆப் பண்ணிட்டு, ஜன்னல் பக்கமா உக்காந்து, போன அரிசி டின்னு மேல சாய்ச்சு வச்சு என் வாய மட்டும் எடுத்தேன். ல-க்கு நாக்கு நுனி மேல்பல்லு பின்னாடி படணும், ள-க்கு நாக்க மேல வளைச்சு அண்ணத்த தொடணும், ழ-க்கும் அதே மாதிரி வளைக்கணும் ஆனா தொடாம விட்டுடணும். ரெண்டே நிமிஷம். அதே பையன் மறுநாள் வாய்ஸ் அனுப்புறான், ரெண்டு வருஷமா "வாளப்பளம்"னு சொன்னவன் "வாழைப்பழம்"னு சுத்தமா சொல்றான்.

பயிற்சி நடத்துறவங்களே, இந்த வித்தைக்கு வெளியூர் போக வேணாம். யூஎஸ்எம் பல்கலைக்கழகம் 1971லயே தொலைதூரக் கல்விய ஆரம்பிச்சது நம்ம பினாங்குல தானே, வாவாசான் திறந்தவெளி பல்கலைக்கழகமும் இங்க தான் இருக்கு. அங்க பாடம் தயாரிச்சு பழகுனவங்கள கூப்பிடுங்க. ஆளுக்கு ஒரு பாடம் செய்ய விடுங்க, அத நெஜமாவே வகுப்பு இல்லாத ஒரு பிள்ளைக்கு அனுப்பி எங்க புரியலன்னு கேட்டு திரும்ப எடுக்க வைங்க, அதுக்கு ரெண்டு நாள் பத்தாது தான், நாங்க வர்றோம். காலைல சாப்ட்வேர் சொல்லிக்குடுங்க, மத்தியானம் ஒரு மைக்கும் சத்தம் இல்லாத ரூமும் குடுங்க.

தமிழ் டீச்சர்,
பட்டர்வொர்த்